பெட்டியை உதைத்தது யார்?

சான் பெத்ரோ, கலிபோர்னியா
மார்ச் 6, 1995

அன்புத் தங்கை பெரீனாவுக்கு, அண்ணன் நிக்‌ஷா எழுதுவது.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் உடம்பு எப்படி, சலவைக்கடை எப்படி? அம்மாவை அடக்கம் பண்ணிய அன்று பார்த்தது. ஆறு வருடம் ஓடிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் 'கெல்ப் கட்டர்ஸ்' இசைக்குழுவை மறுபடி தோண்டி எடுக்கிறார்கள். தெப்போ என்று ஒரு பையன் பின்லாந்திலிருந்து எழுதியிருக்கிறான். அவன் ஊரில் கடல் வருடத்துக்கு நாலு மாதம் உறைந்து கிடக்குமாம். நம் பாட்டுக்கு ஆடினவர்களைப் போலப் பலகையில் நின்று அலையேறுகிற ஆளை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் நம் 'மூடுபனிக் கொம்பு' இசைத்தட்டைத் தேயத் தேயக் கேட்டுத்தான் கிட்டார் பழகினானாம். ஜப்பானில், பிரேசிலில்கூட அதை வாசிக்கிறார்களாம். பாட ஒரு வார்த்தை கிடையாது, மூன்று நிமிடம்கூட ஓடாது. அதில் என்னதான் கண்டார்களோ!

அறுபத்திரண்டில் நாம் பதிவு செய்த பன்னிரண்டு பாட்டையும் அவன் குறுந்தட்டாகப் போடுகிறான், கூடவே ஒரு சிறு புத்தகம். நவம்பர் 12, ஞாயிறு மதியம், கடலோரப் பழைய நடன மண்டபத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சி. டிரம்ஸுக்கு ஹெக்டர் ஓச்சோவா இருக்கிறான், டயர் கடை வைத்துத் தொப்பை போட்டுவிட்டான். பேஸ் கிட்டார் வாசித்த டக் போன வருடம் போய்ச் சேர்ந்தான். வேறு ஆள் தேடவேண்டும்.

பழைய படம் ஏதாவது இருந்தால் அனுப்பு. நிகழ்ச்சிக்கு வருவதென்றால் முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறேன்.

இந்த வருடம் இங்கே மூடுபனி விடாமல் இறங்குகிறது. துறைமுக வாயிலில் பனி நேரத்தில் கப்பலுக்கு எச்சரிக்கை ஊதும் கொம்பை நிறுத்திவிட்டார்கள் போல. எதிர்வீடு தெரியாத பனியிலும் ஒரு ஊதல் இல்லை. அப்பா இருந்திருந்தால் போய்ச் சண்டை போட்டிருப்பார்.

போன் பண்ணாதே, வயர் சரியில்லை. எழுது.

அண்ணன்,
நிக்‌ஷா


டெமிங், நியூ மெக்சிகோ
மார்ச் 20, 1995

அண்ணாவுக்கு, பெரீனா.

நான் நன்றாக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் ராய் போன பிறகு கடையை ஒற்றை ஆளாகத்தான் பார்க்கிறேன். பன்னிரண்டு இயந்திரம், எல்லாம் என் பேச்சைக் கேட்கும். இந்த ஊரில் கடல் இல்லை, பனி இல்லை, காற்றடித்தால் மணல் மட்டும் பறக்கும். அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது.

முன்வரிசையில் நாற்காலியா? அடேயப்பா, ரொம்பப் பெரிய மனசு! மடியில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கைதட்டவா?

படம் அனுப்பியிருக்கிறேன். நம் வீட்டுக் கார்க் கொட்டகை, அறுபத்தொன்று. நான் பேஸ் கிட்டாரோடு நிற்கிற படம் உலகத்திலேயே இது ஒன்றுதான். பத்திரமாகத் திருப்பி அனுப்பு.

போன் பண்ணாதே என்றால் கேட்கிற ஆளா நான்? ஞாயிற்றுக்கிழமை பண்ணினேன். நீதான் எடுத்தாய். "யாரு? யாருங்க? சத்தமாப் பேசுங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். "அண்ணா, நான்தான் பெரி!" என்று நான் போட்ட கூச்சலில் துணி துவைக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் அந்த வயரை மாற்று.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். பாட்டின் நடுவில் இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம் வருமே, அது எப்படி வந்தது என்று அந்தப் பையன் கேட்காமல் இருந்திருக்க மாட்டான். நீ என்ன சொன்னாய்?

பதிலை எதிர்பார்க்கும்,
பெரீனா


சான் பெத்ரோ
ஏப்ரல் 17, 1995

அன்பான பெரிக்கு,

நேற்று ஈஸ்டர். அம்மா செய்கிற மாதிரி இனிப்பு ரொட்டி பின்னிப் பார்த்தேன், கல்லாக வந்தது. நாய்க்குப் போட்டேன், அதுவும் யோசித்தது. மற்றபடி சுகம். நீயும் அப்படியே இருக்கவேண்டும்.

காலையில் மண்டபத்துப் பக்கம் நடந்தேன். அதே மரத்தரை. தண்ணீர் சொட்டச் சொட்டப் பையன்கள் பலகையை வாசலில் சாத்திவிட்டு ஓடிவருவார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஆயிரம் செருப்பு ஒரே சமயத்தில் மிதிக்கும். அப்பா மத்தி மீன் படகிலிருந்து வந்து, குளிக்காமல்கூடத் தம்புரிட்சாவை, அவர் பிறந்த ஊரிலிருந்து கொண்டுவந்த அந்தக் கம்பி வாத்தியத்தை எடுத்து, ஒரே கம்பியில் மழை மாதிரி விடாமல் தட்டுவாரே, அந்தத் தட்டலைத்தான் நான் கிட்டாரில் போட்டேன். ஊரே அதை அலை என்றது. அப்பா மட்டும், "இது நம்ம ஊருக் கல்யாணப் பாட்டுடா திருடா!" என்று சிரித்தார். நம் பாட்டு ஓடியது இரண்டே வருடம். அப்புறம் கடல் தாண்டிப் பரட்டைத்தலைப் பாட்டுக்காரப் பையன்கள் வந்தார்கள், ஒரே குளிர்காலத்தில் ரேடியோ எங்களை மறந்துவிட்டது. நான் படகு பழுதுபார்க்கப் போனேன்.

தெப்போவின் குழு வாசித்த ஒலிநாடா ஒன்று அனுப்பியிருக்கிறான். அதை இந்த உறைக்குள் உனக்கு வைத்திருக்கிறேன். கேட்டுப் பார்த்து எப்படி இருக்கிறதென்று விவரமாக எழுது. எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

நீ கேட்டதற்கு: அலை உடைகிற சத்தம் வேண்டும் என்று நினைத்தோம், வந்தது. அப்படித்தான் சொன்னேன்.

உன்,
நிக்‌ஷா


டெமிங்
மே 1, 1995

அண்ணாவுக்கு,

உடம்பெல்லாம் நல்லபடி. ஆனால் மனசு நல்லபடியாக இல்லை.

ஒலிநாடாவைக் கேட்டேன். மூன்று நிமிடம் கேட்க ஒருத்தனுக்கு நேரம் இல்லையாம்! நல்ல பிள்ளைகள். கொம்பு மாதிரி ஊதுகிற என் இரண்டு அடிச்சுரங்களையும் அந்தப் பேஸ் பையன் அப்படியே பிடித்திருக்கிறான். அப்புறம் சரியாக அந்த இடம் வந்ததும், டமார்! பெட்டியை அளந்து உதைத்திருக்கிறார்கள். நாலு எண்ணிக்கை மௌனம். பிறகு கிட்டார். நான் சிரித்தேன், கொஞ்ச நேரத்தில் அழுதுவிட்டேன். என் தடுக்கலை உலகம் பூராவும் மனப்பாடம் பண்ணி வாசிக்கிறது, அது என் தடுக்கல் என்று ஒருவனுக்கும் தெரியாது.

உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். பிப்ரவரி, லாங் பீச், ரேடியோ பழுதுபார்க்கும் கடையின் பின்னறை. எனக்குப் பதினெட்டு வயது. "ரெக்கார்டிங்குக்கு வெறுங்காலோட போனா ஊரு என்னடி சொல்லும்?" என்று அம்மா எனக்குக் கோயிலுக்குப் போடும் குதிகால் ஷூவை மாட்டிவிட்டாள். கிட்டாருக்கு எதிரொலி கொடுக்கும் அந்தச் சுருள்கம்பிப் பெட்டியை எல்லாரும் மேலே வைப்பார்கள். நீதான், "தரையில வெச்சாத்தான் சத்தம் கனமா வரும்" என்று கால்வழியில் வைத்தாய். மூன்றாவது முறை வாசிக்கும்போது நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். குதிகால் பெட்டியில் மோதியது. உள்ளே கம்பியெல்லாம் அதிர்ந்து, ஒலிபெருக்கி வழியாக இடி விழுந்தது. ஹெக்டர் கையைத் தூக்கியவன் தூக்கியபடி நின்றான். நாலு எண்ணிக்கை. அப்புறம் உன் கை தானாக ஆரம்பித்தது. டேப் அத்தோடு தீர்ந்துவிட்டது, வேறு டேப் இல்லை என்றார் பதிவுக்காரர்.

காரில் வரும்போது நீ சொன்னாய்: "நீச்சலே தெரியாதவளுக்கு அலைப்பாட்டு எதுக்குடி? வீட்டுல இரு." அடுத்த வாரம் என் கிட்டாரை டக் மாட்டிக்கொண்டு நின்றான். இரண்டே மாதத்தில் கடற்கரை முழுக்க அந்த இடிக்காகக் காத்திருந்து ஆடினார்கள். நீ மேடைக்கு மேடை பெட்டியை உதைத்தாய், எல்லாம் உன் யோசனை என்றாய். நான் பஸ் ஏறினேன். கடலே இல்லாத ஊராகப் பார்த்து இறங்கினேன்.

புத்தகத்தில் அந்த உண்மை வரட்டும். நீ உன் வாயால் சொன்னால் வருகிறேன். நாற்காலி வேண்டாம்.

பெரீனா


சான் பெத்ரோ
ஜூன் 12, 1995
(அஞ்சலட்டை)

பெரி,

சுகம். உன் படம் பத்திரமாக இருக்கிறது. முப்பத்துமூன்று வருடமாக ஒரே பதிலைச் சொல்லி வந்தவன் இப்போது மாற்றிச் சொன்னால் கிறுக்கன் என்பார்கள். அதைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் கேள். வெயிலில் அலையாதே.

நி.


டெமிங்
ஆகஸ்ட் 21, 1995

அண்ணா,

உனக்குப் பதிலே போடக்கூடாது என்று இருந்தேன். இரண்டு மாதம் இருந்தும் காட்டினேன்.

போன வாரம் ஹெக்டர் போன் பண்ணி உங்கள் ஒத்திகையைப் பற்றிப் பேசினான். "உங்கண்ணன் கை இன்னும் புயல்தான் பெரீனா, அதுல சந்தேகமே இல்ல. ஆனா நான் ஒரு தெருவுல போறேன், அவன் ஒரு தெருவுல போறான். எங்க சேர்றதுன்னே தெரியல. டேய் நில்லுடான்னு கத்துனா என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்" என்றான். அவன் கோபமாகப் பேசவில்லை, பயந்துபோய்ப் பேசினான்.

பேச்சுவாக்கில் கேட்டேன்: "ஆமா, அந்தப் பனிக்கொம்பை ஏன் நிறுத்திட்டாங்க?"

"யாரு நிறுத்துனா? நேத்துக் காலைலகூட அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊதித் தள்ளுச்சு. என் கடைக் கண்ணாடியே அதிருது, போ!" என்றான்.

கொம்பு நிற்கவில்லையாம், அண்ணா.

நான் ஹெக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடுகிறாயா? யாராவது கூட இருக்கிறார்களா?

பெரி


சான் பெத்ரோ
செப்டம்பர் 24, 1995

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை ஒரு மாதமாகச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அதோடு ஒரு தடவை துவைத்தும்விட்டேன். உன் தொழில் எனக்கு வராது.

ஆமாம். எனக்குக் காது போய்விட்டது.

குளிர்ந்த கடலில் வருடக்கணக்காக அலையேறினவன் காதுக்குள் எலும்பு வளர்ந்து வாசலை அடைத்துக்கொள்ளும். இந்தக் கரையில் பாதிப்பேருக்கு அது உண்டு. வெட்டி எடுத்தால் சரியாகும் என்றார் டாக்டர். எடுத்தார். அதற்கப்புறம்தான் தெரிந்தது, உள்ளேயும் ஒன்றும் மிச்சமில்லை என்று. ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று நின்று அதை நானே கொன்றிருக்கிறேன். போன கிறிஸ்துமஸோடு கடைசிச் சத்தமும் போயிற்று. போன் வந்தால் விளக்கு மின்னும், எடுத்துக் கத்திவிட்டு வைப்பேன், அவ்வளவுதான். ஆள் பேசும்போது உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறேன். ஹெக்டருக்கு மீசை, அதனால் அவன் சொல்வது ஒன்றும் விளங்குவதில்லை.

ஆனால் கொம்பு நின்றுவிட்டது என்று நான் பொய் சொல்லவில்லை பெரி. நிஜமாகவே நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

இந்த ஒரு மதியம் எனக்கு வேண்டும். அந்தத் தரையில் நின்று ஒரே ஒரு தடவை முழுதாக வாசித்துவிட்டுக் கிட்டாரைச் சுவரில் மாட்டிவிடுவேன். வெளியே தெரிந்தால் பாவம் பார்த்து நிறுத்திவிடுவார்கள், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. பாட்டு தலைக்குள் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் அந்த இடி வரும் இடத்தில் தவறுகிறது. பெட்டியை நானே உதைத்தால் நான் நினைத்த இடத்தில்தானே உதைப்பேன்? ஹெக்டர் அதற்குள் எங்கேயோ போயிருக்கிறான். எனக்குச் சரியான இடத்தைக் காட்ட ஒரு ஆள் வேண்டும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். உன்னை வெளியே தள்ளியது நீ தப்புப் பண்ணினாய் என்பதற்காக அல்ல. டேப்பைத் திருப்பிப் போட்டார்களே, அந்த இடி வந்ததும் எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். "இன்னொரு தடவை போடு, இன்னொரு தடவை" என்றார்கள். என் விரலைப் பற்றி ஒருவன் வாய் திறக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை, தங்கச்சி. நீச்சலாவது மண்ணாங்கட்டியாவது.

அழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

உன் பாவி அண்ணன்,
நிக்‌ஷா


டெமிங்
அக்டோபர் 2, 1995

பாவி அண்ணாவுக்கு,

வருகிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. நான் வரும்போது அதுவும் கூடவே என் துணிப்பெட்டியில் வரும்.

சனிக்கிழமை என் கடையில் பன்னிரண்டு இயந்திரமும் ஒரே சமயத்தில் சுழலும்போது தரையே நடுங்கும். கண்ணை மூடிக்கொண்டு எது எந்தக் கட்டத்தில் ஓடுகிறது என்று உள்ளங்காலாலேயே சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பேஸ் கிட்டாரை இரவல் வாங்கிவந்து, வெறுங்காலோடு நின்று வாசித்துப் பார்க்கிறேன். விரல் கொப்பளித்துவிட்டது. ஆனால் கொம்பு ஊதுகிறது.

நான் சொல்வதை அப்படியே செய். நீயும் ஷூவைக் கழற்று. என் ஒலிபெருக்கியை உன் காலுக்குப் பின்னால் மரத்தரையோடு ஒட்டி வை. எதிரொலிப் பெட்டி தரையிலேயே இருக்கட்டும், அன்றைக்கு வைத்த அதே மடத்தனமான இடத்தில். என் அடிச்சுரம் உன் குதிகாலில் ஏறும், அதைப் பிடித்துக்கொண்டே வா. பெட்டியை நான் உதைக்கிறேன், இடி வந்ததும் நாலு எண்ணு. அவ்வளவுதான்.

ஹெக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடு. அவன் பாவம், தன் கைதான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

புத்தகம் என்ன ஆயிற்று?

பெரீனா


சான் பெத்ரோ
அக்டோபர் 18, 1995

பெரிக்கு,

சுகமாக இருக்கிறேன். கொஞ்ச நாளாக நன்றாகத் தூங்குகிறேன்.

ஹெக்டரிடம் சொன்னேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டு ஏதோ நீளமாகப் பேசினான். ஒரு வார்த்தை விளங்கவில்லை. மறுநாள் மீசையை மழித்துவிட்டு வந்து நின்றான்! முப்பது வருட மீசை. "இப்பத் தெரியுதாடா?" என்றான். தெரிந்தது.

புத்தகம் அச்சாகிவிட்டது, தங்கச்சி. நான் தாமதம் பண்ணிவிட்டேன். 'அலையை உதைத்து எழுப்பியவர்' என்று என் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறான். தெப்போவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அழுதே விட்டானாம். அடுத்த பதிப்பில் மாற்றுகிறானாம். அடுத்த பதிப்பை யார் கண்டது? இதற்காக நீ வராமல் இருந்தால் அதற்கும் நான் தகுதிதான்.

ஒலிபெருக்கியை நீ சொன்ன இடத்தில் வைத்துவிட்டேன்.

நிக்‌ஷா


டெமிங்
நவம்பர் 19, 1995

அன்பு அண்ணாவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். கட்டைவிரல் மட்டும் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. வெறுங்காலால் இரும்புப் பெட்டியை உதைக்கிறேன் என்றவள் நான்தான், யாரைத் திட்ட?

அன்றைக்கு உனக்குக் கேட்காததையெல்லாம் எழுதுகிறேன். வைத்துக்கொள்.

திரை விலகும்போது மண்டபம் கடல் மாதிரி இரைந்தது. ஊரெல்லாம் நரைத்த தலை, நடுநடுவே பச்சைத் தலைமுடிப் பிள்ளைகள். ஹெக்டர் குச்சியைத் தட்டினான், காய்ந்த சத்தம். நான் கொம்பை ஊதினேன். பின்வரிசையில் ஒரு பெரியவர், "கேட்டியா! கேட்டியா!" என்று மனைவியை உலுக்கினார். அப்புறம் உன் கிட்டார் வந்தது. அண்ணா, அப்பாவின் மழை அப்படியே இருக்கிறது, ஒரு துளி சிந்தவில்லை. உன் கண் மூடியிருந்தது. உன் இடது பெருவிரல் மட்டும் தரையில் என் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன்.

உதைத்தேன். இடி விழுந்தது, ஒரு குழந்தை வீலென்று கத்தியது. ஒன்று. யாரும் மூச்சு விடவில்லை. இரண்டு. எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மூன்று. வெளியே கடல் கேட்டது. உண்மையாகவே கேட்டது. நாலு எண்ணி முடிக்கிற அந்த நொடியில் நீ இறங்கினாய். ஒரு மயிரிழை முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஹெக்டர் "ஹா!" என்று கத்தினான்.

முடிந்த பிறகு நீ மைக்கைப் பிடித்துப் பேசினாயே, அது பேச்சில்லை, கூப்பாடு. மைக்கே தேவைப்படவில்லை. "அந்தப் பொஸ்தகத்துல இருக்கிறது பொய்! பெட்டியை உதைச்சது நானில்ல, இவ. என் தங்கச்சி பெரீனா. வேணும்னுகூட உதைக்கல, தடுக்கி விழுந்தா! நான் அதைத் திருடிட்டேன்" என்றாய். முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. அப்புறம் அந்தப் பச்சைத்தலைப் பிள்ளைகள் "பெரீனா, பெரீனா" என்று ஆரம்பித்தார்கள். அது மண்டபம் முழுக்கப் பரவியது. அம்மா வைத்த பேரை ஐந்நூறு பேர் சேர்ந்து சொல்லி நான் கேட்டதே இல்லை. உனக்குக் கேட்டிருக்காது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோபத்தைத் துணிப்பெட்டியில் கொண்டுவந்தேன் அல்லவா? அதை உன் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன். திருப்பி அனுப்பவேண்டாம்.

பெரி


சான் பெத்ரோ
டிசம்பர் 3, 1995

அன்புத் தங்கை பெரீனாவுக்கு,

நலம். கிட்டாரைச் சுவரில் மாட்டிவிட்டேன். உன் படத்தைத் திருப்பி அனுப்புவதாக இல்லை, அதையும் பக்கத்தில் மாட்டிவிட்டேன். வேண்டுமென்றால் வந்து பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒரு இடத்தில் மட்டும் நீ தப்பாக எழுதியிருக்கிறாய். உன் பேர் எனக்குக் கேட்கவில்லை என்கிறாய். அவர்கள் காலால் தரையை மிதித்தார்கள் பெரி. மூன்று மிதி, ஒரு நிறுத்தம். மூன்று மிதி, ஒரு நிறுத்தம். பெ-ரீ-னா. முழங்கால் வரைக்கும் ஏறியது.

இன்று காலையில் பனி இறங்கியிருந்தது. அலைத்தடுப்புச் சுவரின் கடைசிவரை நடந்துபோனேன், எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மீன்பிடிக்க வந்தவன் ஒருவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நான் எண்ணிக்கொண்டே நின்றேன்.

முப்பது வரும்போது கைப்பிடி நடுங்கியது.

கொம்பு நிற்கவில்லை, தங்கச்சி. ஊதுகிறது.

உன் அண்ணன்,
நிக்‌ஷா